ரிப்போர்ட்டுக்கு முந்தைய மூன்று நாட்கள்

கண்ணா, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு, "எழுதி அனுப்பறேன்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீயும் நம்பியிருப்பாய். அப்பா எதையும் ஒழுங்காக எழுதித்தான் கொடுப்பார் என்று உன் ஆபீஸ் நண்பர்களிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருப்பாய். உண்மை என்னவென்றால் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உன் கம்பெனியில் எடுத்த பரிசோதனையில் பிரஷர் நூற்றைம்பதுக்கு நூறு என்று வந்திருக்கிறது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து இரண்டு வாரமாகியும் நீ அந்தச் சீட்டை மருந்துக்கடையில் நீட்டவில்லை. இதையெல்லாம் ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டே சொன்னாய். அதோடு விட்டாயா? "மாத்திரைலாம் அப்புறம் பாத்துக்கலாம்பா. மூணு மாசம் உங்கள மாதிரியே இருந்து பாக்கறேன். சுகர், பிரஷர் ரெண்டையும் வச்சுக்கிட்டு நாலு வருஷமா நார்மல் ரிப்போர்ட்டா அனுப்பறீங்களே, உங்க மெத்தட் என்னப்பா?" என்றாய். முப்பத்திநாலு வயதுப் பிள்ளை அப்பாவைப் போல இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் எந்த அப்பனுக்கும் உச்சி குளிர்ந்துபோகும். எனக்கோ வியர்த்துவிட்டது.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நேற்று டாக்டர் என் வலது கால் சுண்டுவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் கட்டுப் போட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுண்டுவிரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். உனக்குத் தெரியாது. ஏழு வாரமாக உன் அம்மாவின் வாயையும் அடைத்து வைத்திருந்தேன். விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றுகூட நடுவில் ஒரு பேச்சு வந்தது. எடுக்கவில்லை. கண்ணைப் பார்த்தார்கள், கிட்னிக்கு ரத்தம் எடுத்தார்கள், இரண்டும் பாதகமில்லை என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து காட்டுப்பாக்கத்தில் இறங்கியதும், மெயின் ரோட்டிலேயே கொஞ்ச நேரம் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து விரலும் இருந்தன. சிரிப்பு சிரிப்பாக வந்தது. உன் அம்மா, "எல்லாரும் பாக்கறாங்க, நடங்க" என்று முழங்கையால் இடித்தாள். அவ்வளவு நிம்மதி எனக்கு. அந்த நிம்மதியில்தான் இதை எழுதுகிற தைரியமும் வந்திருக்கிறது.

இனி என் மெத்தட். நான் முப்பத்தாறு வருஷம் ஆவடியில் ஃபேக்டரியில் வேலை பார்த்தவன் என்பதை மறந்துவிடாதே. மேலிடத்திலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் மூன்று நாள் முன்பே எங்கள் ஒர்க்‌ஷாப்பில் திருவிழாதான். தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்போம். எண்ணெய் சிந்திய இடத்தில் மரத்தூள் போட்டுத் துடைப்போம். யாரும் தொடாத தீயணைப்பு வாளியில் புது மணல் கொட்டுவோம். வந்தவர்கள் பார்த்து, தலையாட்டி, டீ குடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வண்டி கேட்டைத் தாண்டியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எந்த ஊர் ஃபேக்டரியிலும் நடப்பதுதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உடம்பையும் அப்படியே நடத்தலாம் என்று நினைத்தேன் பார், அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பு அரிசியை நிறுத்திவிடுவேன். ராத்திரிக்கு ஒரு டம்ளர் மோரும் வெள்ளரிக்காயும்தான். காலையும் மாலையும் நடை. மாத்திரைகளை மணி பார்த்து முழுங்குவேன். நாலாம் நாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால் நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து என்று தங்கமாக வரும். லேபில் இருக்கும் பெண், "மூணு மாச ஆவரேஜும் பாத்துடலாமா சார்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். "போன வாட்டிதாம்மா எடுத்தேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். ஒரு தடவைகூட எடுத்ததில்லை. ரிப்போர்ட்டைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பிவிட்டு, நேராகப் போய் நெய் ரோஸ்ட் சாப்பிடுவேன். அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே.

ஆரம்பத்திலேயே ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தவனில்லை நான். முதல் ரிப்போர்ட் உண்மையிலேயே நன்றாக வந்தது. சர்க்கரை என்று தெரிந்ததும் பயந்துபோய் நாலு மாதம் ஒழுங்காக இருந்தேன். நூற்று நாலு. நீ அதை எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டு, "அப்பா மாஸ்" என்று எழுதினாய். உன் அத்தை பிள்ளைகள் கை தட்டினார்கள். உன் சித்தப்பா, ஜென்மத்தில் யாரையும் பாராட்டாத மனுஷர், "அண்ணன் அண்ணன்தான்" என்று போட்டார். அதற்கப்புறம் நூற்றைம்பது, நூற்றறுபது வந்தால் அதை எப்படி அனுப்புவது? போன பொங்கலுக்கு நம் அபார்ட்மெண்ட் விழாவில் என்னை மேடையேற்றி, சர்க்கரையை எப்படிச் சமாளிப்பது என்று பேசச் சொன்னார்கள். இருபது நிமிடம் பேசினேன். நடைப்பயிற்சி என்றேன், மனக்கட்டுப்பாடு என்றேன், நாக்கை அடக்கினால் நோய் அடங்கும் என்றுகூடச் சொன்னேன். பேசி முடித்து இறங்கியதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று இரண்டு கப் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. இந்தக் கடிதத்தை நீ படித்து சரி என்று சொன்னால், அசோசியேஷன் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டலாம் என்றிருக்கிறேன். அன்றைக்கு என் பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுத்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

மிச்ச நாட்களில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ரிட்டயர் ஆனபிறகு வேலப்பன்சாவடி பக்கம் ஒரு காலேஜில் ஒர்க்‌ஷாப் சொல்லிக்கொடுக்கப் போனேன் இல்லையா? பிரஷருக்கு எனக்குக் கொடுத்தது சிறுநீரைக் கூட்டுகிற மாத்திரை. காலையில் போட்டால் பதினோரு மணிக்குள் மூன்று முறை ஓட வேண்டும். லேத் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது இருபது பையன்களை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஒருத்தன் சட்டைக் கை மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அதனால் காலேஜ் நாட்களில் அந்த மாத்திரை கிடையாது. வானகரம் தாண்டிக் கல்யாணம் காட்சி என்று போகிற நாட்களிலும் கிடையாது. பைபாஸ் அடியில் வண்டி நின்றால் எப்போது நகரும் என்று யாருக்குத் தெரியும்? ஆக, வாரத்தில் ஒரு நாள்தான் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு கேன்டீனில் மற்ற வாத்தியார்களோடு பன் பட்டர் ஜாம், சர்க்கரை போட்ட டீ. எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல் என்று சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், வயதானவனாகத் தெரிவேன் என்ற கூச்சம். அறுபத்திரண்டு வயதில் வயதானவனாகத் தெரியக் கூச்சப்பட்டேன், அதையும் எழுதி வைக்கிறேன். இதில் எந்த ஒன்றையும் டாக்டரிடம் சொல்லவில்லை. அவர் ஃபைலைப் பார்ப்பார், "குட்" என்பார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவர்மேல் தப்பில்லை. நான் காட்டியதைத்தானே அவர் பார்க்க முடியும்?

நீ தீபாவளிக்குப் பார்சலில் அனுப்பினாயே, நடக்கிற ஷூ, அது நல்ல ஷூ. அதன்மேல் ஒரு குறையும் இல்லை, நீ அதை நினைத்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் அதற்குள் ஒரு சின்ன ஜல்லிக்கல் விழுந்திருந்தது. நம் தெரு முனையில் வீடு கட்டுகிறார்கள், ரோடெல்லாம் ஜல்லி. அந்தக் கல்லோடு ஒரு மணி நேரம் நடந்திருக்கிறேன். ஒன்றுமே தெரியவில்லை எனக்கு. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி, சாக்ஸைக் கூடையில் போட்டுவிட்டு, பேப்பர் படிக்க உட்கார்ந்தேன். உன் அம்மா துவைக்க எடுத்தவள் சாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டே ஹாலுக்கு வந்தாள். முனையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. "வலிக்கலையா?" என்றாள். "இல்லையே" என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கால் மரத்துப்போற அளவுக்கு எத்தன நாளா நடந்துச்சு இது? நீங்க அவனுக்கு ரிப்போர்ட் அனுப்பிக்கிட்டே இருங்க. எனக்குத் துவைக்கப் போடற சாக்ஸ்தான் ரிப்போர்ட்" என்றாள். கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது மூன்று தடவைதான். அதில் இது ஒன்று.

அதற்குப் பிறகும் நான் திருந்திவிடவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டி நாலு நாள் ஓட்டினேன். விரல் வீங்கி நிறம் மாறியதும் பூந்தமல்லி பக்கம் கால் புண் பார்க்கிற டாக்டரிடம் அம்மாதான் இழுத்துக்கொண்டு போனாள். நான் வழக்கம்போல ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். அவர் ஃபைலை மூடி வைத்துவிட்டு, மூன்று மாத ஆவரேஜ் எடுக்கச் சொன்னார். ஏழுக்குள் இருக்க வேண்டியது பத்தைத் தாண்டியிருந்தது. ஃபைலையும் அந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது ரெண்டும் ஒரே ஆளுதா?" என்று கேட்டார். நான் ஃபைலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "ரெண்டு வாரம் பாப்போம். புண்ணு ஆறலன்னா விரல எடுக்கறத பத்திப் பேசணும்" என்றார்.

கட்டுப் போடுகிற நர்ஸ் பெயர் செல்வி. குமணன்சாவடிக்காரி, நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாது. முதல் நாளே என் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, பைல இம்மாம் அழகா வச்சிக்கினு கீறீங்க, கால இப்டி உட்டுட்டீங்களே" என்றாள். நான் ஏதோ சமாளிக்க வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "மாத்திர கரீட்டா துண்றீங்களான்னு நான் கேக்கவே மாட்டேன். கேட்டா அல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்கோ. எந்த வேள உட்டுப்பூடுது, அத்த மட்டும் சொல்லுங்க" என்றாள். நாலு வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை, கண்ணா. விட்டுப்போகும் என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டு கேட்கிற கேள்வி அது. எனக்கு மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. லேத், பையன்கள், பைபாஸ், பன் பட்டர் ஜாம், மூன்று நாள் விரதம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். பஞ்சை மருந்தில் நனைத்துக்கொண்டே, "அட, பாத்ரூம் மேட்டரா? இதுக்கா நாலு வர்சம் மறச்சிக்கினு இருந்தீங்க? டாக்டராண்ட போய் இதே மாதிரி சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அவர் அந்த மாத்திரையை மாற்றி வேறொன்று எழுதினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து நிமிடப் பேச்சைத் தவிர்க்கத்தான் நான் ஒரு விரலைப் பணயம் வைத்திருக்கிறேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தேன். செல்வி ஒவ்வொரு முறையும், "இந்த வாரம் எத்தினி உட்டுப்போச்சு?" என்பாள். "ரெண்டு" என்பேன். "போன வாரம் அஞ்சு. சோக்கா கீது" என்பாள். டாக்டர் சொன்ன இரண்டு வாரம் முடிகிற நேரத்தில் புண்ணின் ஓரத்தில் சிவப்பாகப் புதுத் தோல் தெரிந்தபோது என்னைவிட அவள்தான் அதிகமாகக் குதித்தாள். வீட்டில் எங்கள் சாப்பாட்டு நேரமும் மாறியது. ஒரு நாள் செல்வி உன் அம்மாவைப் பார்த்து, "உங்குளுக்கு பிரசர் கீதுன்னு சொன்னீங்களே, நீங்கோ எந்த வேள உடறீங்கோ?" என்று கேட்டுவிட்டாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. காலை மாத்திரையைப் பூஜை முடித்து, எனக்குப் பரிமாறி, பாத்திரம் துலக்கி, பதினொன்றரைக்கு நினைவு வந்தால் போடுவாளாம். செவ்வாய், வெள்ளி விரதம் என்றால் அதுவும் இல்லை. நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என் பெருமையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, எதிரில் இருந்தவள் மாத்திரை போட்டாளா என்று ஒரு நாள் கேட்டதில்லை. இது விரலைவிடப் பெரிய தப்பு. இப்போது காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவள் எனக்குத் தண்ணீர் எடுத்துத் தருகிறாள், நான் அவளுக்கு மாத்திரையைப் பிரித்துத் தருகிறேன். விரதத்தன்றும் மாத்திரை உண்டு. அதற்கு சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தபோது, நீ ஏழாவது படித்த வருஷம், கணக்கில் முப்பத்தொரு மார்க் வாங்கி ரேங்க் கார்டைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தாய். நான் கண்டுபிடித்து உன்னை பெல்ட்டால் அடித்தேன். மறைத்ததற்காக அடிக்கிறேன் என்று சொன்னேன். அது பொய், மார்க்குக்காகத்தான் அடித்தேன். பக்கத்து வீட்டுப் பையன் தொண்ணூறு வாங்கியிருந்தான். அதற்கப்புறம் நீ நல்ல மார்க்கை மட்டுமே என்னிடம் காட்டினாய். மற்றவற்றில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாய் என்பது எனக்குத் தெரியும், தெரியாததுபோல இருந்தேன். நம் வீட்டில் மோசமான நம்பருக்கு இடமில்லை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அதே பாடத்தை அறுபது வயதில் உன் முன்னாலேயே நான் எழுதிக்கொண்டிருந்தேன். அன்று அடித்ததற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். மன்னித்துவிடுடா.

ஆகவே என்னைப் போல இருக்காதே. நாளைக் காலையே அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் மாத்திரையை வாங்கிப் போடு. மூன்று மாதம் பார்க்கலாம் என்று உன் டாக்டர் சொல்லவில்லை, நீயாகச் சொல்லிக்கொள்கிறாய். போட்டால் தலை சுற்றுகிறதா, கால் வீங்குகிறதா, இருமல் வருகிறதா, எதுவானாலும் அவரிடம் போய்ச் சொல். நீயாக நிறுத்தாதே. உப்பைக் குறை, நட, தூங்கு என்றெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை, உன் போனே உனக்குச் சொல்லும். உன் மனைவியிடம் மறைக்காதே. அவளுக்குப் பயமாக இருக்கும், அதனால் சொல்லவில்லை என்று போனில் சொன்னாய். அவளுக்குத் தெரியாமல் நடப்பதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தும், உன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மாத்திரை விட்டுப்போகிற நாட்கள் உனக்கும் வரும். ஒரு நாள் விட்டுவிட்டதற்காக எல்லாவற்றையும் கைகழுவிவிடாதே, அடுத்த நாள் போடு.

இன்று காலை வெறும் வயிற்றில் எனக்கு நூற்று அறுபத்தெட்டு. விரல் தப்பிய சந்தோஷத்தில் நேற்று மாலை நானும் அம்மாவும் ஹோட்டலுக்குப் போய்ப் பூரி சாப்பிட்டோம். அவள் இரண்டோடு நிறுத்தினாள், நான் நாலு. பிரஷர் நூற்று நாற்பத்திரண்டுக்கு எண்பத்தெட்டு. நேற்று ராத்திரி மாத்திரை போட்டேன், நேற்று முன்தினம் மறந்துவிட்டேன். மெஷினில் தெரிந்ததை அப்படியே போட்டோ எடுத்து இதோடு அனுப்புகிறேன். நான் உனக்கு அனுப்புகிற முதல் மோசமான ரிப்போர்ட் இது. இதைப் படித்து முடித்ததும் உன் பிரஷரைப் பார்த்து எனக்கு எழுது. எவ்வளவு இருந்தாலும் எழுது.

அப்பா